ட்ரஃப் லெவல்: நம்பர் மனப்பாடம், நேரம்தான் தெரியவில்லை. வார்டில் நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஓ.டி.காரி கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கடலூர் ஓ.டி., அதாவது ஓல்ட் டவுன். வேலை பாண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில். ஜெனரல் வார்டில் நாலு மாதம் இருந்துவிட்டு ஐ.சி.யூ.வுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. போன வாரம் ஒரு தப்பு செய்தேன். அதை முழுதாகச் சொல்லிவிட்டே கேள்விக்கு வருகிறேன்.

6-ஆம் பெட்டில் அறுபது வயதுப் பெரியவர். சர்க்கரைக்காரர், பாதத்துப் புண் முற்றி ரத்தத்தில் கிருமி கலந்து வந்தவர். கல்ச்சரில் எம்.ஆர்.எஸ்.ஏ. (வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமி) வளர்ந்ததால் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஒரு கிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. முதல் டோஸ் திங்கள் மாலை ஆறு மணிக்கு. "நாலாவது டோஸுக்கு முன் ட்ரஃப்" என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார், அதாவது அடுத்த டோஸுக்கு முன் ரத்தத்தில் மருந்து எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது. நாலாவது டோஸ் புதன் காலை ஆறு மணி. என் நைட் டியூட்டி.

எட்டு பெட்டுக்கு நாங்கள் இரண்டே பேர். ஐந்தரைக்கு 3-ஆம் பெட்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறி டியூப் போட வேண்டியதாகிவிட்டது. டோஸ் தாமதமாகக் கூடாதே என்ற பயத்தில் ஐந்து ஐம்பதுக்கே வான்கோவைத் தொங்கவிட்டுவிட்டு அங்கே ஓடினேன். ட்ரஃப் ஞாபகம் வந்தபோது மணி ஆறரை. மருந்து இறங்கிக்கொண்டிருந்த அதே கையில், வென்ஃப்ளானுக்கு (மருந்து ஏறுகிற ஊசிக் குழாய்) கொஞ்சம் மேலே குத்தி ரத்தம் எடுத்தேன். லேப் ஃபார்மில் நேரம் என்ற இடத்தில் "காலை 6" என்று எழுதினேன். பொய் எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆர்டரில் ஆறு என்று இருந்தது, கை அதையே எழுதிவிட்டது.

ரிசல்ட் 52. இருபதுக்குள் இருக்க வேண்டியது.

பகல் டியூட்டி டாக்டர் பதறிப்போய் மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். கிட்னி வேலையைக் காட்டுகிற கிரியாட்டினின் 1.1-தான், முந்தின நாளும் அதேதான். சிறுநீரும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் காகிதத்தில் 52 என்று இருக்கும்போது யார் துணிந்து அடுத்த டோஸைப் போடுவார்கள்? இரண்டு டோஸ் போகவில்லை. வியாழன் மதியம் பெரியவருக்குக் குளிர்க்காய்ச்சல் திரும்ப வந்தது. அன்று மாலை பெரிய டாக்டர் சார்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரத்தம் நிஜமாக எத்தனை மணிக்கு எடுத்தது?" என்று கேட்டிருக்கிறார். எனக்குப் போன் வந்தது. உள்ளதைச் சொன்னேன். மறுபடி எடுத்த லெவல் 5. அதாவது அவர் உடம்பில் மருந்து பேருக்குத்தான் இருந்திருக்கிறது.

அவர் இப்போது தேறி வார்டுக்குப் போய்விட்டார். எனக்கு மெமோ. அது நியாயம்தான். எட்டு பெட்டுக்கு இரண்டு பேர் என்பதற்கு யாருக்கு மெமோ கொடுப்பது என்பது வேறு கதை. மறுநாள் காலை பஸ்ஸில் அரியாங்குப்பம் தாண்டும்வரை அழுதேன், கிருமாம்பாக்கம் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

சரி, கேள்வி. காலேஜில் லித்தியம் (மனநல மருந்து) 0.6 முதல் 1.2, டிகாக்சின் (இதய மருந்து) 0.5 முதல் 2, ஃபெனிடாயின் (வலிப்பு மருந்து) 10 முதல் 20 என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம். நார்செட், எம்.ஆர்.பி. என்ற அரசு நர்ஸ் வேலைத் தேர்வுகளுக்குப் படிக்கிற தோழிகள் இன்றும் அதையேதான் ஒப்பிக்கிறார்கள். எந்த மருந்துக்கு எப்போது ரத்தம் எடுப்பது, எடுக்கிற நேரம் மாறினால் அந்த நம்பருக்கு என்ன அர்த்தம் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. அட்டவணை வேண்டாம், அது போனில் நூறு இருக்கிறது. கை நிறைய வேலை இருக்கும்போது நீங்கள் இதை எப்படி ஞாபகம் வைக்கிறீர்கள், அதைச் சொல்லுங்கள்.

---

லேப்காரன்:

சிஸ்டர், நான் லேப் டெக்னீஷியன், பாண்டிதான். உங்கள் 52-க்கு நேரம் பாதிக் காரணம், இடம் பாதிக் காரணம். மருந்து ஏறுகிற கையில், அதுவும் ஊசிக்கு மேலே எடுத்தால் ரத்தத்தோடு பாட்டில் மருந்தும் சேர்ந்துதான் வரும். எதிர்க் கையில் எடுக்க வேண்டும். சென்ட்ரல் லைனில் (பெரிய ரத்தக் குழாயில் போட்ட லைன்) மருந்து போகிறது என்றால் அந்த லைனைத் தொடவே வேண்டாம்.

நேரம் எழுதாத ட்ரக் லெவல் சேம்பிளை நான் வாங்குவதில்லை. கடைசி டோஸ் எப்போது, ரத்தம் எப்போது, இரண்டும் வேண்டும். திருப்பி அனுப்பினால் வார்டில் இருந்து திட்டு வரும், பரவாயில்லை.

டியூப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் பக்கத்தில் தினம் நடக்கிற கூத்து இது. லித்தியம் லெவலுக்குப் பச்சை மூடி டியூபில் அனுப்புகிறார்கள். அந்தப் பச்சை டியூபில் பல சமயம் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருப்பதே லித்தியம் ஹெப்பாரின். மாத்திரையே சாப்பிடாதவருக்கும் லித்தியம் காட்டும். கிட்னி மாற்றியவர்கள் சாப்பிடுகிற டேக்ரோலிமஸுக்கு நேர்மாறு. அந்த மருந்து சிவப்பணுவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் முழு ரத்தம் வேண்டும், பர்பிள் மூடி. மஞ்சள் மூடியில் அனுப்பினால் அணுக்களை நீக்கிச் சீரத்தைப் பிரித்தபின் எதை அளப்பது? ஃபெனிடாயினுக்கு ஜெல் இல்லாத சிவப்பு நல்லது. ஜெல்லில் நேரம் கழியக் கழிய அது மருந்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும்.

ஐ.என்.ஆர்., ஏ.பி.டி.டி. என்று ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிற டெஸ்டுகளுக்கு நீல மூடி. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். கோடுவரை ரத்தம் வராவிட்டால் சிட்ரேட் அதிகமாகி, ரத்தம் உறைய நேரமாகிற மாதிரி காட்டும். அதை நம்பி ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மருந்தைக் குறைத்தால், செயற்கை இதய வால்வில் ரத்தக் கட்டி பிடிக்கும். "கொஞ்சம்தான் வந்தது, பார்த்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பாதீர்கள். பார்த்துக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒன்று. போன மாதம் ஒரு ரிசல்ட்டில் பொட்டாசியம் 11, கால்சியம் 3. உயிர் பிழைப்பதே கஷ்டமான நம்பர். போன் செய்து கேட்டால் அந்த ஆள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மஞ்சள் டியூபில் ரத்தம் பத்தவில்லை என்று பர்பிளில் இருந்து கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். பர்பிளில் இருப்பது பொட்டாசியம் உப்பு, அது கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒரு டியூபில் இருந்து இன்னொன்றுக்கு ஊற்றவே கூடாது.

---

பழைய நைட் சிஸ்டர்:

கண்ணு, நான் முதலியார்பேட்டை. முப்பத்தோரு வருஷம் வார்டில் இருந்து ரிட்டயர் ஆனவள், அதில் பாதி நைட். முதலில் ஒன்று சொல்கிறேன். கேட்டபோது உள்ளதைச் சொன்னாய் பார், அதனால்தான் அந்தப் பெரியவருக்கு மருந்து திரும்பப் போனது. "ஆறுக்குத்தான் எடுத்தேன்" என்று நீ சாதித்திருந்தால் கிட்னி டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள், ஸ்கேன் எடுத்திருப்பார்கள், கிருமி அது பாட்டுக்கு வளர்ந்திருக்கும்.

லேப் தம்பிக்கு: நீங்கள் திருப்பி அனுப்புவது சரிதான். ஆனால் மறுபடி குத்துவது நாங்கள், குத்து வாங்குவது நோயாளி. திருப்புகிறதுக்கு முன் ஒரு போன் போடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ட்ரஃப் என்றால் என்ன? அடுத்த குடத்தை ஊற்றுமுன் தொட்டியின் அடியில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது. ஊற்றிக்கொண்டே பார்த்தால் அது தொட்டிக் கணக்கு ஆகாது. வான்கோவுக்கு டோஸுக்கு முந்தின அரை மணிக்குள் எடுக்க வேண்டும். ஏன் நாலாவது டோஸ்? முதல் இரண்டு மூன்று டோஸில் தொட்டி நிரம்பிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே போவதும் வெளியே போவதும் சமமானபின்தான் அளந்து பயன். மருந்து பாதியாகக் குறைய எவ்வளவு நேரமோ அதைப்போல நாலைந்து மடங்கு கழிய வேண்டும். வான்கோ கிட்னி நன்றாக இருப்பவருக்குச் சில மணி நேரத்தில் பாதியாகும், அதனால் ஒன்றரை நாளில் பார்த்துவிடலாம். லித்தியத்துக்கு ஐந்து நாளாவது, டிகாக்சினுக்கு ஒரு வாரம். டோஸை மாற்றிய மறுநாளே லெவல் அனுப்பச் சொல்கிற சின்ன டாக்டர்கள் உண்டு. சண்டை வேண்டாம், "சார், நேற்றுத்தான் மாற்றினோம், இன்றைக்கே அனுப்பட்டுமா?" என்று கேள். அவரே யோசிப்பார்.

நீ பயந்தது டோஸ் தாமதமாகிவிடும் என்று. கிருமி ஏறி வந்தவருக்கு முதல் டோஸைத் தள்ளக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். நாலாவது டோஸ் இருபது நிமிஷம் தள்ளினால் ஒன்றும் ஆகாது. முதலில் ரத்தம், அப்புறம் மருந்து. எடுத்தபின் ரிசல்ட் வரட்டும் என்று மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். கிரியாட்டினின் ஏறியிருந்தாலோ சிறுநீர் குறைந்திருந்தாலோ மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடு. ஒரு கிராமை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்று. வேகமாக விட்டால் கழுத்தும் முகமும் சிவந்து அரிப்பெடுக்கும், பிரஷர் இறங்கும்.

ஞாபகம் வைக்க என்ன செய்வது என்று கேட்டாய். நான் ஞாபகத்தை நம்பியதே இல்லை. நைட் பன்னிரண்டுக்கு அரைக் கப் டீ குடிக்கும்போது மறுநாள் காலை லெவல் யாருக்கு என்று பார்ப்பேன். அவருடைய மருந்து வயலோடு சரியான டியூபைச் சேர்த்து பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிடுவேன். காலையில் என்ன கலவரம் நடந்தாலும் மருந்தை எடுக்கக் கை போகும்போது டியூபும் கூட வரும். நான் இல்லாமல் வேறு யார் எடுத்தாலும் வரும். மாத்திரைக்கும் இப்படித்தான், மாத்திரைக் கவரில் டியூப். டேக்ரோலிமஸ் சாப்பிடுகிற கிட்னி மாற்றியவர்கள் "வழக்கமா ஏழு மணிக்குப் போட்டுடுவேன் சிஸ்டர்" என்று தாங்களே மாத்திரையை விழுங்கிவிட்டு நம்மிடம் கை நீட்டுவார்கள். அவர்களுக்கு முந்தின ராத்திரியே சொல்லிவைக்க வேண்டும்.

டிகாக்சின் பற்றி ஒரு சம்பவம். வில்லியனூர்ப் பக்கத்துப் பாட்டி, இதயம் பலவீனம், டிகாக்சினும் லேசிக்ஸும் (சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றுகிற மாத்திரை) சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். "சோத்தப் பாத்தாலே கொமட்டுது, லைட்டச் சுத்தி மஞ்சளா வளையம் தெரியுது" என்றார். கண் டாக்டரிடம் அனுப்பலாம் என்று பேச்சு. நான் ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினேன், 46. காலை மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டருக்குப் போன் செய்தேன். பொட்டாசியம் 2.8 வந்தது. டிகாக்சின் லெவல் அப்படி ஒன்றும் பிரமாதமாக ஏறியிருக்கவில்லை. பொட்டாசியம் இறங்கினால் கொஞ்ச டிகாக்சினே விஷமாகும். அதனால் லெவலை மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்தானே" என்று சொல்லாதே. நீங்கள் 2 வரை என்று படித்தீர்கள், இதய பலவீனத்துக்கு இப்போது 0.5-இல் இருந்து 0.9-க்குள் வைக்கத்தான் பார்க்கிறார்கள். ரத்தம் எடுக்க மாத்திரை போட்டு ஆறு மணி நேரமாவது ஆக வேண்டும். முன்னாலேயே எடுத்தால் மருந்து தசைக்குள் இறங்காமல் ரத்தத்திலேயே நின்று பொய்க் கணக்குக் காட்டும். காலை டோஸுக்கு முன் எடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

ஃபெனிடாயின் தனி ரகம். ரேஷன் கடையில் பில் போட ஒரே மெஷின் என்று வைத்துக்கொள். ஐம்பது பேர்வரை வந்தால் ஓடிவிடும். அதற்கு மேல் பத்துப் பேர் கூடினாலும் வரிசை தெருமுனைவரை போகும். கல்லீரல் அந்த மெஷின். 300-இல் இருந்து 400 ஆக்கினால் லெவல் மூன்றில் ஒரு பங்கு ஏறும் என்று நினைக்காதே, இரண்டு மடங்கு போய் நிற்கலாம். ஃபெனிடாயினைப் பிடித்து வைக்கிற ரத்தப் புரதமான ஆல்புமின் குறைந்தவருக்கு ரிசல்ட் 9 என்று வந்தாலும் உள்ளே வேலை செய்கிற மருந்து அதிகமாக இருக்கும். ஆல்புமினையும் சேர்த்துப் பார்க்கச் சொல். ஊசியாகப் போடும்போது நார்மல் சலைன் மட்டும். டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் பால் திரிகிற மாதிரி திரியும். ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற குழாய்) கொடுத்தால் கஞ்சிக்கும் மருந்துக்கும் இடைவெளி விடு, ஒன்றாக விட்டால் மருந்து உடம்பில் சேராது.

எல்லாவற்றுக்கும் லேபை எதிர்பார்க்கவும் வேண்டாம். பிரசவ வார்டில் ஜன்னிக்கு மக்னீசியம் போடுகிறோம். அதற்கு லெவல் வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும். முட்டியைத் தட்டினால் கால் உதறுகிறதா, நிமிஷத்துக்கு மூச்சு பதினாறுக்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு முப்பது மில்லியாவது போகிறதா, இவ்வளவுதான். முட்டி அசையவில்லை என்றால் அடுத்த ஊசி கிடையாது. மக்னீசியத்துக்கு முறிவு மருந்தான கால்சியம் குளூக்கோனேட் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பூட்டின அலமாரியில் இருந்தால் இல்லாத மாதிரிதான்.

---

பார்ம்.டி. மாணவன்:

ஒரு சின்னத் திருத்தம். வான்கோமைசினுக்கு ட்ரஃப் 15 முதல் 20 என்பது பழைய இலக்கு. 2020-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் தீவிர எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்றுக்கு ஏ.யூ.சி. (ஒரு நாள் முழுக்க ரத்தத்தில் இருந்த மருந்தின் மொத்தக் கணக்கு) 400 முதல் 600 வரை பார்க்கச் சொல்கிறது. இரண்டு சேம்பிள் எடுத்துக் கணக்குப் போடுவார்கள்: மருந்து முடிந்து ஒன்று இரண்டு மணி நேரத்தில் ஒன்று, அடுத்த டோஸுக்கு முன் ஒன்று.

---

பழைய நைட் சிஸ்டர்:

நல்லது தம்பி. அப்படியென்றால் நேரம் இரண்டு தடவை சரியாக எழுத வேண்டும், அவ்வளவுதான்.

---

மனநல வார்டு பிரதர்:

கடலூரில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இது எப்படி வரும் என்று சொல்கிறேன்.

போன சித்திரையில், கத்திரி வெயில் நேரம், தேவனாம்பட்டினத்தில் இருந்து ஒரு மீனவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கை கால் நடுக்கம், நாக்குக் குழறல், நிற்க முடியவில்லை, வாந்தி. பார்த்தவர்கள் எல்லோரும் "பாண்டிக்குப் போய்ட்டு வந்திருக்கார்" என்று சிரித்தார்கள். எங்கள் ஊரில் தள்ளாடுகிறவனைப் பார்த்தால் வேறு எதுவும் தோன்றாது. அவர் மனைவி மட்டும், "தொட்டே ரெண்டு வருஷமாச்சு சார், தினம் மாத்திரதான் போடுறாரு" என்று கவரை நீட்டினார். லித்தியம். லெவல் 2.4.

விசாரித்தால், மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. வெயிலில் வலை இழுத்த உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கி வேளைக்கு ஒன்று போட்டிருக்கிறார். பி.பி. இருக்கிறது என்று யாரோ உப்பையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் கிட்னி உப்பென்று நினைத்து லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வலி மாத்திரை அதற்கு இன்னொரு கதவைச் சாத்தும். மூன்றும் சேர்ந்துவிட்டன. டயாலிசிஸ்வரை போய் மீண்டார்.

அதனால் லித்தியம் வீட்டுக்குப் போகும்போது நான் நம்பரைச் சொல்வதே இல்லை. "வயித்தால போனா, வாந்தி எடுத்தா, அன்னிக்கு மாத்திரை போடாம நேரா இங்க வாங்க. வலின்னா பாராசிட்டமால் மட்டும். உப்பைக் கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்." ரத்தம் எடுக்க ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம். ராத்திரி ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பது, அதற்கப்புறம்தான் காலை மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தைராய்டும் கிரியாட்டினினும்.

இன்னொரு மனநல மருந்தான குளோசபின் வேறு மாதிரி. அதற்கு நாங்கள் முக்கியமாகப் பார்ப்பது மருந்தின் அளவை அல்ல, வெள்ளை அணுக்களை. முதல் 18 வாரம் வாராவாரம். நடுவில் தொண்டை வலி, காய்ச்சல் என்றால் சாதாரண சளி என்று விடாமல் அன்றே ரத்தம். இன்னொன்று அதிகம் பேருக்குத் தெரியாது: பீடிப் புகை குளோசபினைச் சீக்கிரம் கரைக்கும். அட்மிஷனில் பீடியைப் பிடுங்கி வைத்துவிட்டு அதே டோஸைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் ஆள் தூங்கி வழிவார், எச்சில் ஒழுகும். நாம் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருப்போம்.

---

பண்ருட்டி மகள்:

நான் நர்ஸ் இல்லை. என் அம்மாவுக்கு மைட்ரல் வால்வு மாற்றியிருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் இந்தப் பேச்சைப் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு ஐ.என்.ஆர். 2.5-இல் இருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும் என்று சொல்லி நோட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தது. வயிறு சரியில்லை என்று எங்கள் ஊர்க் கடையில் மெட்ரோநிடசோல் வாங்கிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், நிற்கவே இல்லை. ஐ.என்.ஆர். 7-ஐத் தாண்டியிருந்தது. வைட்டமின் கே கொடுத்துச் சரி செய்தார்கள். வேறு எந்த மாத்திரை சேர்த்தாலும் முதலில் கேட்க வேண்டும் என்று அதற்கு முன்னால் ஒருவரும் சொல்லவில்லை. கீரை சாப்பிடாதே என்று மட்டும் பத்துப் பேர் சொன்னார்கள். கொல்லையில் முருங்கை மரம் வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக அம்மா கீரையைத் தொடவில்லை. அது சரியா?

---

பழைய நைட் சிஸ்டர்:

இல்லைம்மா. கீரை சாப்பிடலாம், ஆனால் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் ஒரு கரண்டி என்றால் எப்போதும் அப்படியே. ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு ஆடி மாதம் தினம் முருங்கைக்கீரை என்றால்தான் வம்பு. இப்போது ஒரு வருஷமாகச் சாப்பிடாத உடம்புக்குத் தகுந்த டோஸில் இருக்கிறார். அதனால் ஆரம்பிக்கும்முன் டாக்டரிடம் சொல்லுங்கள், ஒரு வாரம் பத்து நாளில் ஐ.என்.ஆர். பார்த்து மாற்றிக்கொடுப்பார். மாத்திரையைச் சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ரத்தம் கொடுத்தால், அன்று மாலை என்ன டோஸ் என்று டாக்டர் போனில் சொல்லிவிடலாம்.

உங்கள் அம்மாவுக்கு இல்லை, பொதுவாகச் சொல்கிறேன்: வீட்டுக்குப் போகிற மருந்தில் எனக்கு அதிகப் பயம் மெத்தோட்ரெக்சேட். மூட்டு வாதத்துக்கு வாரம் ஒரு நாள்தான். "தினமும்" என்று புரிந்துகொண்டு சாப்பிட்டு வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளை அணு விழுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடக் கொடுக்கிற ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் அதே மாதிரி சின்ன மஞ்சள். கவரில் கிழமையை எழுதுங்கள், தினசரி காலண்டரில் அந்தத் தாளை மடக்கி வைக்கச் சொல்லுங்கள்.

---

ஓ.டி.காரி:

எல்லோருக்கும் நன்றி. லேப் அண்ணா, பச்சை டியூப் விஷயம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

நேற்று நைட் பிளாஸ்டர் வேலையைச் செய்து பார்த்தேன் அக்கா. 2-ஆம் பெட்டில் ஃபெனிடாயின் லெவல், 7-இல் வான்கோ. இரண்டுக்கும் டியூபை மருந்தோடு ஒட்டி வைத்தேன். டியூபின் மேலேயே "கடைசி டோஸ் மாலை 6:05" என்று பேனாவில் எழுதிவிட்டேன். காலை நாலரைக்கு ஒரு ஹார்ட் அட்டாக் கேஸ் வந்தது, நான் 7-ஆம் பெட் பக்கமே போகவில்லை. கூட இருந்த சிஸ்டர்தான் வான்கோவை எடுக்கப் போனார். டியூப் கையில் வந்ததும், "ஏய், இதுக்கு ரத்தம் எடுக்கணுமாடி?" என்று அங்கிருந்தே கத்தினார். 5:40-க்கு எடுத்தோம், இன்னொரு கையில். ஃபார்மிலும் 5:40 என்றே எழுதினோம். ரிசல்ட் 16.

இன்சார்ஜ் சிஸ்டர் ரவுண்ட்ஸில் வயலைப் பார்த்துவிட்டு, "யாரு இப்படி பிளாஸ்டரை வீணாக்குறது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். இன்னும் பதில் வரவில்லை.

ஒரு சந்தேகம். நாளைக்கு ஒருவருக்கு அமிக்காசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கிறார்கள், பீக் லெவலும் (மருந்து ஏறி முடிந்தபின் இருக்கும் உச்ச அளவு) கேட்டிருக்கிறார் டாக்டர். பீக்குக்கு எதோடு ஒட்டுவது?

---

பழைய நைட் சிஸ்டர்:

மருந்து முழுக்க இறங்கி அரை மணி கழித்து எடுக்க வேண்டும். வயலோடு ஒட்டினால் அதற்குள் வயல் குப்பைக்குப் போயிருக்கும். டிரிப் செட்டின் கிளாம்பில் தொங்கவிடு. மூட வருகிறவர் கையில் மாட்டும், மூடின நேரத்தை அவரே டியூபில் எழுதட்டும். அமிக்காசின் காதைப் பாதிக்கலாம், அதனால் காது எப்படிக் கேட்கிறது என்று நோயாளியிடம் முதல் நாளே கேட்டு எழுதிவை. பிளாஸ்டருக்கு இன்சார்ஜ் ஏதாவது சொன்னால் என்னிடம் சொல்லு, ஒரு டஜன் வாங்கி அனுப்புகிறேன்.